வடக்கு கிரேன்காரர் இறங்கிய கதை

எங்கள் மாமாவைப் பற்றிச் சொல்லச் சொன்னால், வாய் திறக்காத மனிதர் என்றுதான் ஆரம்பிக்க வேண்டும். அடக்கமானவர் என்று நினைத்துவிடாதீர்கள். அத்தனையும் அழுத்தம். பல் பிடுங்கப் போன இடத்தில் டாக்டரிடம் எந்தப் பல் என்று சொல்லாமல் உட்கார்ந்திருக்கக்கூடியவர்.

அவர் என் அக்காவின் கணவர். உயரமான கட்டடங்கள் எழும்பும் இடத்தில் டவர் கிரேன் ஓட்டுகிறார். இரும்புக் கோபுரத்தின் உச்சியில் கண்ணாடி போட்ட ஒரு கூண்டு. அதற்குள் ஒரு நாற்காலி, இரண்டு கைப்பிடிகள், மாமா. காலையில் ஏணியில் ஏறினால் சாயங்காலம்தான் இறங்குவார். மத்தியானச் சாப்பாட்டு டப்பாவை நான் கொக்கியில் மாட்டி அனுப்புவேன். என் வேலை கீழே நின்று சிக்னல் கொடுப்பது. கம்பிக்கட்டை எங்கே தூக்க வேண்டும், எங்கே இறக்க வேண்டும், இன்னும் எவ்வளவு தாழ்த்த வேண்டும் என்று வாக்கி டாக்கியில் நான் சொல்லச் சொல்ல அவர் செய்வார். அக்கா புருஷனை நாள் முழுக்க ஏவி வேலை வாங்கும் ஒரே மச்சினன் நீதான் என்று ஆட்கள் என்னைக் கேலி செய்வார்கள். வீட்டுக்குப் போனதும் மாமா அதற்கெல்லாம் சேர்த்து வட்டியும் முதலுமாக வாங்கிவிடுவார் என்பது அவர்களுக்குத் தெரியாது.

எங்கள் இடத்தில் இரண்டு கிரேன்கள் உண்டு. வடக்கே எங்களுடையது, தெற்கே இன்னொன்று. இரண்டின் நீண்ட கைகளும் நடுவில் ஓரிடத்தில் குறுக்கிடும். அங்கே ஒன்று நின்றுவிட்டால் மற்றது கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்க வேண்டியதுதான். மாமாவுக்கும் தெற்கு கிரேன்காரருக்கும் பகை முளைத்தது அந்த நடு இடத்தில். தெற்கு கிரேன்காரர் மாமாவைவிடச் சற்று மூத்தவர், சிடுமூஞ்சி. நடுவில் வந்து சுமையை இறக்கிவிட்டு அசையாமல் நிற்பார். மாமா கூப்பிட்டால் பதில் வராது. "வேணும்னே நிக்கிறான்" என்று மாமா பல்லைக் கடிப்பார். மறுநாள் மாமா நடுவில் நிற்பார். தெற்கு கிரேன்காரர் வாக்கியில், "வடக்கு, தூங்கிட்டியா?" என்று கத்துவார். வருஷக்கணக்காக இப்படித்தான். கீழே இறங்கினால் இருவரும் முகம் கொடுத்துப் பேசமாட்டார்கள்.

கூண்டில் கழிப்பறை கிடையாது. இறங்கிப் போய்விட்டு மறுபடி ஏறி வருவதற்குள் கீழே கான்கிரீட் இறுகிவிடும். அதனால் கிரேன் ஓட்டுகிறவர்கள் எல்லோரும் வாய் அகன்ற பாட்டில் ஒன்றை மேலே வைத்திருப்பார்கள். சாயங்காலம் அது தோள்பைக்குள் கீழே வரும். பைக்குள் என்ன என்று யாரும் கேட்கமாட்டார்கள். கேட்காமல் இருப்பது இந்தத் தொழிலில் ஒரு மரியாதை. அந்த மரியாதையைப் போல ஆளைக் கொல்கிற சங்கதி வேறில்லை என்பது என் கட்சி.

மாமாவுக்கு ஏதோ சரியில்லை என்பது எனக்கு வாக்கியில்தான் முதலில் தெரிந்தது. சுமையை இறக்கிவைத்துவிட்டு, "இரு" என்பார். முன்பெல்லாம் மத்தியானத்துக்குள் ஒரு தடவை "இரு" வரும். பிறகு ஒவ்வொரு லோடுக்கும் ஒரு "இரு" வர ஆரம்பித்தது. அதுவும் நீண்டுகொண்டே போனது. கான்கிரீட் ஆட்கள் என்னை முறைப்பார்கள். நான் மேலே ஏதோ போல்ட்டைப் பார்க்கிறார் என்று சமாளிப்பேன். வீடு திரும்பும் பஸ்ஸில் பாதி வழியில் இறங்கிவிடுவார். சொந்தக்காரர்கள் வீட்டுக்குப் போனால் வீட்டுக்காரரை விசாரிக்கும் முன்பே கண் கழிப்பறையைத் தேடும்.

அக்காவுக்கு வேறு கணக்கில் தெரிந்திருந்தது. படுத்தவர் எழுந்து எழுந்து போகிறார், குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு வெகுநேரம் நிற்கிறார், குழாய்ச் சத்தம்தான் கேட்கிறது, வேறு சத்தமே கேட்கவில்லை என்று என்னிடம் சொன்னாள். சர்க்கரையாக இருக்கும் என்று பயந்து, அழுது அடம்பிடித்து ரத்தம் கொடுக்க வைத்தாள். சர்க்கரை இல்லை என்று வந்தது. வந்ததோ இல்லையோ, மாமா தனக்கு எந்த நோயும் இல்லை என்று தீர்ப்பெழுதிவிட்டார். அடிக்கடி போகிறது என்றால் ஓட்டம் நன்றாக இருக்கிறது என்றுதானே அர்த்தம், அடைப்பு இருந்தால் எப்படி இத்தனை தடவை போகும் என்று அக்காவையே மடக்கினாராம். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. தண்ணீர் குடிப்பதை மட்டும் சத்தமில்லாமல் குறைத்துக்கொண்டார். நான் மேலே அனுப்பும் தண்ணீர்க் குடுவை அப்படியே திரும்பி வந்தது.

டாக்டரிடம் போகாததற்குக் காரணம் எங்கள் வேலையிடத்து வாசலிலேயே உட்கார்ந்திருந்தது. கேட்டில் வண்டிகளுக்குச் சங்கிலியைத் தூக்கிவிடுகிறவர் ஒரு காலத்தில் மாமாவைப் போலவே மேலே இருந்தவர்தான். வருஷாந்திரப் பரிசோதனையில் தலை சுற்றுகிறது என்று வாய் தவறி உண்மையைச் சொன்னார். அடுத்த வாரம் அவரை இறக்கினார்கள். அதற்குப் பிறகு அவர் ஏறவே இல்லை. ஆட்கள் அவரைக் கேட்டுக்காரர் என்றே கூப்பிட்டார்கள், பழைய வேலையை யாரும் ஞாபகம் வைத்துக்கொள்ளவில்லை. தினமும் காலையில் மாமா அவரைத் தாண்டிப் போகும்போது வணக்கம் வைப்பார், ஆனால் முகத்தைப் பார்க்கமாட்டார். ஒருநாள் என்னிடம், "என்னால கீழ இருக்க முடியாது மாப்ள" என்றார். எனக்குப் புரிந்தது. அந்தக் கூண்டு போய்விட்டால் மாமாவிடம் மாமா என்று மிஞ்சுவதற்கு எதுவும் இல்லை. அவர் அப்படித்தான் நினைத்தார்.

இன்னொரு பயமும் இருந்தது. அவருடைய சித்தப்பா ஒருவருக்கு இப்படித்தான் ஆரம்பித்து, கடைசியில் புற்றுநோய் என்று முடிந்ததாம். அந்தச் சித்தப்பாவை நினைத்துக்கொண்டுதான் குழாயைத் திறந்துவிட்டு நின்றிருக்கிறார். கட்டின மனைவி பக்கத்து அறையில் விழித்துக்கொண்டு படுத்திருக்கிறாள், அவளிடம் ஒரு வார்த்தை சொன்னால் குறைந்தா போய்விடும்? எனக்கு இப்போது நினைத்தாலும் ஆத்திரமாக வருகிறது.

இந்த லட்சணத்தில் அவருக்கு ஒரு ஜலதோஷம் பிடித்தது. மருந்துக்கடையில் ஒரு மாத்திரை வாங்கிப் போட்டார். மூக்கு ஒழுகுவது நின்றது. அன்றைக்கு "இரு" என்ற சத்தமும் பாதியாகக் குறைந்தது. சாயங்காலம் ஏணியிலிருந்து இறங்கினவர், லாட்டரி அடித்தவர் மாதிரி என்னைத் தனியே இழுத்துப் போனார். அந்த விஷயத்தைப் பற்றி அவர் வாயைத் திறந்தது அதுதான் முதல் தடவை.

"மாப்ள, மருந்து கண்டுபிடிச்சிட்டேன். மூக்கு ஒழுகுறத நிறுத்துற மாத்திரை இதையும் நிறுத்துது. ஒழுகுறது எந்தக் குழாயா இருந்தா என்ன?"

எதற்கும் டாக்டரைக் கேட்கலாமே என்றேன். நீ டாக்டருக்குப் படித்தாயா என்று கேட்டார். இல்லை என்றேன். அதோடு பேச்சு முடிந்தது. ஜலதோஷம் போன பிறகும் மாத்திரை நிற்கவில்லை. காலையில் ஒன்று, மத்தியானம் ஒன்று என்று சட்டைப்பையில் அட்டையாகவே வைத்திருந்தார். அந்த வாரம் வடக்கு கிரேன் பறந்தது. கான்கிரீட் ஆட்கள் மாமாவைப் புகழ்ந்தார்கள். பஸ்ஸில் கடைசி நிறுத்தம்வரை உட்கார்ந்து வந்தார். அடிவயிறு கொஞ்சம் உப்பசமாக இருக்கிறது, வாயு என்று மட்டும் ஒருமுறை சொன்னார். தன் வைத்தியத்தில் அவருக்கு அப்படி ஒரு நம்பிக்கை.

அந்த நாள் வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது. மாமா ஒரு கம்பிக்கட்டை நடுப்பகுதியில் இறக்கிவைத்தார். ஆட்கள் கட்டை அவிழ்த்தார்கள். "இரு" என்று குரல் வந்தது. நானும் இருந்தேன். கொக்கி காற்றில் இலேசாக ஆடிக்கொண்டிருந்தது. வெகுநேரமாகியும் அடுத்த சத்தம் வரவில்லை. "வடக்கு, கையை எடு" என்று தெற்கு கிரேன்காரர் ஆரம்பித்தார். அவருடைய கொக்கியில் ஒரு பெரிய கான்கிரீட் தொட்டி நிரம்பித் தொங்கிக்கொண்டிருந்தது. இரண்டாவது தடவை கொஞ்சம் சூடாகச் சொன்னார். மூன்றாவது தடவை மாமாவின் பரம்பரையையே இழுத்தார்.

"மாப்ள, சேனல் மாத்து" என்றது மாமாவின் குரல். மற்றவர்கள் கேட்காத சேனலுக்கு நான் மாற்றினேன். அவருக்கு மூச்சு இரைத்தது.

"ஒரு சொட்டுகூட வரமாட்டேங்குது. வயிறு கல்லு மாதிரி இருக்கு. என்னால நிமிர முடியல."

எஞ்சினியரிடம் ஓடினேன். கிரேன் கொக்கியில் மாட்டி ஆட்களை மேலே ஏற்றி இறக்கும் கம்பிக்கூடை ஒன்று எங்களிடம் உண்டு. காலொடிந்தவர்களை, மயங்கி விழுந்தவர்களை எல்லாம் அதில் வைத்து மாமாதான் பூப்போல இறக்கியிருக்கிறார். கூடையைக் கொண்டுவாருங்கள் என்று எஞ்சினியர் கத்தினார். கத்திவிட்டு அவரே வாயை மூடிக்கொண்டார். கூடையை இறக்க வேண்டிய ஆள் மேலே சுருண்டு கிடக்கிறார். தெற்கு கிரேனின் கை எங்கள் கோபுரம்வரை எட்டாது. ஏணியைத் தவிர வழியில்லை. தெற்கு கிரேன்காரரின் கத்தல் எப்போது நின்றது என்பதை நான் கவனிக்கவில்லை. கையை வந்த வழியே திருப்பி அந்தப் பக்கமாக ஒதுங்கியிருந்தார்.

நான் மேலே ஏறினேன். கூண்டுக்குள் மாமா வயிற்றைப் பிடித்துக்கொண்டு முன்னால் மடிந்திருந்தார். சட்டை வியர்வையில் ஊறியிருந்தது. கால் பக்கத்தில் காலி பாட்டில். கிளம்பலாம் என்றேன். கிரேனை விட்டு இறங்கும் முன்பு அதன் கை காற்றோடு தானாகச் சுழலும்படி பூட்டைத் தளர்த்திவிட வேண்டும், அது விதி. அந்த வலியிலும் கையை நீட்டி அதைச் செய்துவிட்டுத்தான் நாற்காலியிலிருந்து எழுந்தார்.

அவருக்குக் கீழே நான் இறங்கினேன். அவர் பாதத்தை என் கையால் பிடித்து ஒவ்வொரு படியிலும் வைத்தேன். நடு நடுவே நின்று மூச்சு வாங்க சின்னச் சின்னத் தட்டுகள் உண்டு. ஒவ்வொன்றிலும் கம்பியைக் கட்டிக்கொண்டு முனகினார். ஒரு தட்டில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அங்கிருந்து பார்த்தால் வாசலும் சங்கிலியும் கேட்டுக்காரரின் குடையும் தெரியும்.

"என்னையும் அங்க உக்கார வெச்சிடுவாங்க மாப்ள" என்றார். உயிர் போகிற வலியில் அவருக்கு அதுதான் கவலை. அதட்டுவதா அணைத்துக்கொள்வதா என்று தெரியாமல், காலை எடுத்துக் கீழே வையுங்கள் என்று மட்டும் சொன்னேன். அவர் அழுதுகொண்டே காலை வைத்தார்.

ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில் இருந்தது ஒரு டாக்டரம்மா, மாமாவுக்கு மகள் வயதுதான் இருக்கும். மற்ற நாளாக இருந்தால் மாமா திரும்பி நடந்திருப்பார். அன்றைக்கு அவருக்கு அதற்கும் தெம்பில்லை. அந்த அம்மா அடிவயிற்றைத் தொட்டுப் பார்த்ததுமே நர்ஸைக் கூப்பிட்டார். மெல்லிய ட்யூப் ஒன்றை உள்ளே செலுத்தினார்கள். பை நிரம்பியது, மாற்றினார்கள், அதுவும் நிரம்பிக்கொண்டிருந்தது. மாமா கண்ணை மூடி ஒரு பெருமூச்சு விட்டார். அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதியை நான் பார்த்ததே இல்லை.

என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று டாக்டரம்மா கேட்டார். மாமா ஒன்றுமில்லை என்று தலையாட்டினார். நான் அவர் சட்டைப்பையிலிருந்து அட்டையை எடுத்து நீட்டினேன். அந்த அம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, எத்தனை நாளாக என்று கேட்டார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து, தன் பேனாவை ஒரு கையால் பொத்திக் காட்டினார்.

பேனாதான் சிறுநீர்க் குழாய், பொத்தியிருக்கிற கைதான் புராஸ்டேட் என்ற சுரப்பி. ஆண்கள் எல்லோருக்கும் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கிறது. வயதாக வயதாக அது பெரும்பாலானவர்களுக்கு வீங்கிப் பெரிதாகிறது. பெரிதானால் குழாய் நெரிபடும். பை முழுசாகக் காலியாகாது. எப்போதும் முக்கால் பை நிறைந்தே இருப்பதால் கொஞ்சம் சேர்ந்ததுமே மறுபடி முட்டும். அடிக்கடி போவது ஓட்டம் நன்றாக இருப்பதற்கு அடையாளமில்லை, தேங்கிக் கிடப்பதற்கு அடையாளம். ஜலதோஷ மாத்திரை அந்தக் கையை இன்னும் இறுக்கிப் பிடிக்க வைத்தது. போவது குறைந்தது குணமானதால் அல்ல, கதவு சாத்திக்கொண்டு வந்ததால். இதே நிலையில் இன்னும் கொஞ்ச நாள் போயிருந்தால் சிறுநீரகம் கெட்டிருக்கும். இவ்வளவையும் திட்டாமல் சொன்னார். திட்டியிருக்கலாம் என்று எனக்குத் தோன்றியது.

"கேன்சரா?" என்று மாமா சுவரைப் பார்த்துக் கேட்டார். இந்த வீக்கம் வேறு, அது வேறு என்றார் டாக்டரம்மா. ஆசனவாய் வழியாக விரலால் பரிசோதித்ததில் சந்தேகப்படும்படி எதுவும் தெரியவில்லை, ஆனாலும் ரத்தத்தில் ஒரு சோதனை செய்து பார்ப்போம், இந்த அடைப்பின் சூட்டில் எடுத்தால் அளவைக் கூட்டித்தான் காட்டும், சில வாரம் போகட்டும் என்றார். இந்த விரல் பரிசோதனைக்குப் பயந்தும்தான் மாமா இத்தனை வருஷம் ஓடினார். அது முடிந்ததுகூட அன்றைக்கு அவருக்குத் தெரிந்ததா என்பது சந்தேகம்.

அதற்குள் அக்கா வந்து சேர்ந்திருந்தாள். இறுக்கத்தைத் தளர்த்தும் மாத்திரை ஒன்று எழுதுவதாகவும், சில நாள் கழித்து ட்யூபை எடுத்துப் பார்க்கலாம் என்றும் டாக்டரம்மா சொன்னார். இதைப் போட்டால் சிலருக்குச் சட்டென்று எழுந்தால் தலை சுற்றும், என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று கேட்டார்.

"ஸ்டோர்ல" என்றார் மாமா. "சாமான் எடுத்துக் குடுக்கிற வேலை."

அவர் பிழைப்பில் நான் எப்படிக் கை வைப்பது என்று நின்றேன். அக்கா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

"பொய் சொல்றாரு டாக்டர். இவரு கிரேன் ஓட்டுறவரு. தினம் ஏணியில ஏறுறவரு."

மாமா அவளைப் பார்த்த பார்வையில் வேறொருத்தியாக இருந்தால் எரிந்திருப்பாள். அக்கா புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு நின்றாள். நல்லவேளை சொன்னீர்கள் என்றார் டாக்டரம்மா. ட்யூப் இருக்கும்வரை வீடு, மாத்திரை போடும்வரை ஏணி கிடையாது என்று எழுதியே கொடுத்துவிட்டார்.

வீட்டில் மாமா படுத்த அறை சின்னது. ஒரு கட்டில், ஒரு ஜன்னல், கட்டில் காலில் தொங்கும் பை. ஜன்னல் வழியே வடக்கு கிரேனின் உச்சி தெரியும். அதில் இப்போது தற்காலிகமாக வேறொரு ஆள் இருந்தான். மாமா ஜன்னலுக்கு முதுகைக் காட்டிப் படுத்தார். திரும்பினால் ட்யூப் இழுக்கும், நடந்தால் பை காலில் இடிக்கும், தும்மினால் உயிர் போகும். யார் விசாரிக்க வந்தாலும் அக்கா ரத்தக்கொதிப்பு என்று சொல்ல வேண்டும் என்பது உத்தரவு. அவளும் சொன்னாள். அவளிடம் அவர் பேசவில்லை. தட்டு வைத்தால் சாப்பிட்டார், பையைக் காலி செய்ய வந்தால் கண்ணை மூடிக்கொண்டார். கூண்டுக்குள்ளாவது நாலு பக்கமும் கண்ணாடி இருந்தது. இங்கே அதுவும் இல்லை.

குறித்த நாளில் ட்யூபை எடுத்தார்கள். தண்ணீர் குடிக்கச் சொல்லி, ஆஸ்பத்திரி வராந்தாவில் நடக்கவிட்டார்கள். மாமா நடந்தார், குடித்தார், கழிப்பறைக்குப் போனார், வந்தார், மறுபடி போனார். கடைசியாக வெளியே வந்தபோது முகத்தைப் பார்த்தே தெரிந்தது. மறுபடி ட்யூபைப் போட்டார்கள். வீட்டுக்கு வந்து கட்டிலில் உட்கார்ந்ததும், இனி தன்னை யாரும் எங்கேயும் கூட்டிப் போக வேண்டாம், இப்படியே கிடந்து போகிறேன் என்றார். சொல்லிவிட்டுக் குழந்தை மாதிரி அழுதார்.

அக்கா பையைக் காலி செய்துவிட்டு வந்து எதிரே நின்றாள். ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே பேசினாள்.

"கீழ இருக்க முடியாது, கீழ இருக்க முடியாதுன்னு சொல்றீங்களாமே. நான் இத்தனை வருஷமா கீழதான் இருக்கேன். இங்கயும் மனுஷங்க இருக்காங்க. நீங்க ஏறினாலும் சரி, ஏறாட்டியும் சரி, எனக்கு நீங்க வாயத் திறந்து பேசணும். குழாய்ச் சத்தத்தக் கேட்டுக்கிட்டு இனிமே என்னால படுக்க முடியாது."

அந்த அறையில் எனக்கு வேலையில்லை என்று நான் வெளியே வந்துவிட்டேன். உள்ளே வெகுநேரம் பேச்சுச் சத்தம் கேட்டது. பெரும்பாலும் மாமாவின் சத்தம்.

அடுத்த தடவை டாக்டரம்மாவிடம் போனபோது மாமாதான் முதலில் பேசினார். தான் கிரேன் ஓட்டுகிறவன், கூண்டில் கழிப்பறை இல்லை, பாட்டில்தான் என்று எல்லாவற்றையும் கொட்டினார். பிறகு, ஆபரேஷன் செய்தால் மறுபடி ஏணி ஏறலாமா என்று கேட்டார். பெரும்பாலும் ஏறலாம் என்றார் அந்த அம்மா. வயிற்றைக் கிழிக்காமல் குழாய் வழியாகவே போய், நெருக்குகிற சதையைச் சுரண்டி எடுப்பது, சில வாரம் எடை தூக்கக்கூடாது, கொஞ்ச நாள் ரத்தம் கலந்து போகும், எரியும். இன்னொன்றும் சொன்னார், உறவின்போது விந்து வெளியே வராமல் பின்னால் போய்விடலாம், மற்றபடி பயமில்லை என்று. மாமாவின் காது சிவந்தது. அக்கா கூரையில் சுழல்கிற ஃபேனைப் பார்த்தாள். செய்துவிடுங்கள் என்றார் மாமா.

செய்தார்கள். சொன்னபடியே ரத்தமும் வந்தது, எரிச்சலும் வந்தது. ட்யூபை எடுத்த அன்று கழிப்பறைக்குள் போனவர் குழாயைத் திறக்கவில்லை. வெளியே நின்ற அக்காவுக்கும் எனக்கும் அந்தச் சத்தம் கேட்டது. அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தாள். சுரண்டி எடுத்த சதையில் புற்றுநோய் இல்லை என்று வந்தது. ரத்தச் சோதனையும் சரியாக இருந்தது. இறுக்கத்தைத் தளர்த்தும் மாத்திரையையும் நிறுத்திவிட்டார்கள்.

சில வாரம் கழித்து மாமா கம்பெனி டாக்டர் முன்னால் போய் நின்றார். ஆஸ்பத்திரித் தாள்களை எல்லாம் தானே எடுத்து மேஜைமேல் வைத்தார். கம்பெனி டாக்டர் படித்தார், ரத்த அழுத்தம் பார்த்தார், உட்காரவைத்து எழுப்பிப் பார்த்தார். சொல்லாமல் மேலே போய்க்கொண்டிருந்தீர்களே, அதற்குத்தான் உங்களை இறக்கியிருக்க வேண்டும் என்றார். தகுதி என்று கையெழுத்தும் போட்டார். மறுநாள் காலையில் கேட்டுக்காரர் சங்கிலியைத் தூக்கிவிட்டபோது மாமா நின்று, அவர் முகத்தைப் பார்த்து, தலைசுற்றல் இப்போது எப்படி இருக்கிறது என்று விசாரித்தார்.

மேலே ஏறிய மாமா மளமளவென்று வேலை பார்த்தார். நான் அனுப்பிய தண்ணீர்க் குடுவை காலியாகத் திரும்பியது. மத்தியானத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு லோடை நடுப்பகுதியில் இறக்கினார். சேனலை மாற்றச் சொல்வாரோ என்று நான் பொத்தானில் விரலை வைத்தேன். அவர் எல்லோருக்கும் கேட்கிற சேனலிலேயே பேசினார்.

"வடக்கு கிரேன் கொஞ்ச நேரம் நிக்கும். ஒண்ணுக்குப் போகணும்."

கம்பி கட்டுகிறவர்கள் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள். யாரோ சிரித்தார்கள். எஞ்சினியர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, சரி என்றார். தெற்கிலிருந்து வழக்கமான வசவு வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. கொஞ்ச நேரத்தில் மாமா கையை நகர்த்திக்கொண்டார், வேலை நடந்தது.

சாப்பாட்டு நேரம் வந்தது. டப்பாவைக் கொக்கியில் மாட்டிக்கொண்டிருந்தேன். வாக்கியில் தெற்கு கிரேன்காரரின் குரல் கேட்டது. "வடக்கு, சேனல் மாத்து" என்றார். அன்றைக்கு நாங்கள் மாறிப் பேசிய அதே சேனலைச் சொன்னார். அன்று எங்கள் பேச்சை அவரும் கேட்டிருக்கிறார், அதனால்தான் கத்துவதை நிறுத்திக் கையை ஒதுக்கினார் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. நானும் மாற்றினேன். வெறும் இரைச்சல் மட்டும் கேட்டது. பிறகு அவர் பேசினார், அவருடைய குரல் மாதிரியே இல்லை.

"உன்னைப் பாத்த டாக்டரு எந்த ஆஸ்பத்திரின்னு சொன்ன?"

மாமா யாரிடமும் எந்த ஆஸ்பத்திரியையும் சொல்லியிருக்கவில்லை.

"எத்தனை நாளா?" என்று மாமா கேட்டார்.

"நாளா? வருஷமாச்சு."

"நீ நடுவுல நின்னதெல்லாம் இதுக்குத்தானா?"

"நீ மட்டும் எதுக்கு நின்ன?"

இரைச்சல் வந்தது, போனது. இரண்டு கிரேன்களின் கைகளும் எனக்கு மேலே அசையாமல் நின்றன.

"ஜலதோஷ மாத்திரை எதுவும் போடலியே?" என்று மாமா கேட்டார்.

"இல்ல. இன்னிக்குக் காலையில இருந்து சரியா வரல."

"கையைக் காத்துல விட்டுட்டு மெதுவா இறங்கு. தட்டுத் தட்டா உக்காந்து வா. நான் கூட வரேன்."

வலியில் இறங்கிய அந்த ஒரு நாளைத் தவிரப் பகலில் இறங்காத மாமா கூண்டின் கதவைத் திறப்பதைக் கீழிருந்து பார்த்தேன். டப்பாவைக் கொக்கியிலிருந்து கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, வண்டி பிடிக்கக் கேட்டுக்காரரிடம் ஓடினேன்.